ஒரு நாளில் ஒரு மாநிலம், அதில் ஒரு பத்தொன்பது கிலோமீற்றர்

இரண்டு கிழமையாக எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சாப்பிட இடமில்லை. நோர்த்றைன் வெஸ்ற்பாலன் மாநிலத்தின் பெரிய வரைபடம் ஒன்று விரித்தபடி கிடக்கிறது. கைத்தொலைபேசியில் எல்லாம் இருக்கும்போது இந்தக் கடதாசி எதற்கு என்று மகன் கேட்கிறான். எனக்குக் கடதாசியில் விரல் வைத்துப் பார்த்தால்தான் தூரம் பிடிபடும். பழைய ஆள்.

விசயம் இதுதான். வருகிற யூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் நாலு பேரும் இந்த மாநிலத்தை மேற்கு மூலையிலிருந்து கிழக்கு மூலைவரை ஒரே நாளில் காரில் குறுக்கே கடக்கப் போகிறோம். மேற்கே ஆஹன், கிழக்கே மின்டன். கிட்டத்தட்ட 300 கிலோமீற்றர். மகள் ஆஹனில் படிக்கிறாள். சனி இரவே அவளின் அறைக்குப் போய்ப் படுத்துவிட்டு அங்கிருந்து வெளிக்கிடலாம். முடிவில் மின்டனிலிருந்து போகுமில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு இன்னும் 150 கிலோமீற்றர். அதைப் பயணக் கணக்கில் சேர்க்கத் தேவையில்லை என்கிறான் மகன். பெற்றோல் கணக்கில் சேரும் என்று நான் சொன்னேன்.

இந்த நாட்டில் நாற்பது வருடம் வாழ்ந்துவிட்டேன். ஒஸ்லோவுக்குக் காரில் போயிருக்கிறேன், பாரிசுக்கு எத்தனை தரம் என்று எண்ணவில்லை, லண்டனுக்குக் கப்பலில் காரை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன். எல்லாம் கலியாணவீடு, சாமத்தியவீடு, செத்தவீடு. ஆனால் நான் இருக்கும் மாநிலத்தை, பார்ப்பதற்கென்றே ஒருநாளும் சுற்றியதில்லை. உங்களில் எத்தனை பேர் சுற்றியிருக்கிறீர்கள்? மனதில் கை வைத்துச் சொல்லுங்கள் பார்ப்போம்.

எங்கட ஆக்கள் பயணம் போடும் விதம் எனக்கு நன்றாகத் தெரியும். விடிய நாலு மணிக்கு வெளிக்கிடுவதென்று முடிவெடுத்து ஆறரைக்கு வெளிக்கிடுவோம். போகிற வழியில் யாராருடைய வீடு இருக்கிறது என்று பார்ப்போம். "இவ்வளவு தூரம் வந்திட்டு எட்டிப் பாக்காமல் போனால் என்ன நினைப்பினம்?" இந்த ஒரு வசனத்தால் எங்களுடைய அரைவாசிப் பயணங்கள் நாசமாய்ப் போயிருக்கின்றன. அந்த வீட்டில் தேத்தண்ணி, பிறகு "சாப்பிடாமல் போகேலாது", பிறகு கலியாண வீடியோ. இருட்டினதும் வீட்டுக்குத் திரும்பி வருவோம். பிள்ளைகளைக் கேட்டால் அவர்கள் பார்த்தது ஓட்டோபானும் சோபாவும்தான்.

என் மனைவியும் தொடங்கினா.

"வூப்பெற்றாலாலதானே போறம்? அண்ணா வீட்டை ஒரு அரை மணித்தியாலம்..."

"அந்த வீட்டில அரை மணித்தியாலத்தில செருப்புக் கழட்டத்தான் காணும்" என்றேன். அன்று பின்னேரம் எனக்குத் தேத்தண்ணி கிடைக்கவில்லை.

கடைசியில் மகள்தான் ஒரு தீர்ப்புச் சொன்னாள். ஒரு ஆளுக்கு ஒரு இடம். நாலு பேர், நாலு இடம். தொடங்கும் இடம் பொது. மற்ற ஆளின் இடத்தைப் பற்றி முறைப்பாடு சொல்லக்கூடாது. ஒருநாள் பயணம் போடுகிறவர்களுக்கு இதைவிட நல்ல விதியை நான் இதுவரை கேட்டதில்லை. கேள்ன் தேவாலயமும் எஸ்ஸனில் இருக்கும் பழைய நிலக்கரிச் சுரங்கமும் இப்படித்தான் வெட்டுப்பட்டன. இரண்டும் யுனெஸ்கோ பட்டியலில் இருப்பவை, இரண்டுக்கும் தனித்தனியாக ஒரு நாள் வேண்டும். கேள்ன் கோபுரத்துக்கு 533 படி. என் முழங்கால் அதற்கு ஒரு நாள் முழுக்கக் கேட்கும்.

தொடங்கும் இடம் ஆஹனுக்குப் பக்கத்தில் இருக்கும் மூன்று நாட்டு மூலை. ஜேர்மனி, பெல்ஜியம், நெதர்லாந்து மூன்றும் ஒரு கல்லில் முட்டும் இடம். 322 மீற்றர் உயரமுள்ள ஒரு குன்று, தன் பெருநிலத்தில் அதுதான் ஆகக்கூடிய உயரம் என்று ஒல்லாந்தர் பெருமைப்படுவார்கள். (எங்கட கீரிமலை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், பெயரில்தான் மலை.) சின்னப் பிள்ளைகள் அந்தக் கல்லைச் சுற்றி ஓடி ஒரு நிமிடத்தில் மூன்று நாட்டுக்குப் போய் வருவார்கள். 2024 செப்டெம்பரில் ஜேர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் மறுபடி சோதனையைத் தொடங்கிய பிறகு, இந்த மாதிரி இடத்துக்குப் போகும்போதும் அடையாள அட்டையை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். எங்கள் முகத்துக்கு அது இரண்டு மடங்கு தேவை.

மகள் எடுத்த இடம் ஹம்பாஹ் நிலக்கரிக் கிடங்கு. ஏ4 ஓட்டோபானில் கேள்ன் நோக்கிப் போகும்போது எல்ஸ்டோர்வ் பக்கம் திரும்பினால், விளிம்பில் நின்று பார்க்க ஒரு இடம் செய்து வைத்திருக்கிறார்கள். பழுப்பு நிலக்கரி எடுக்க 400 மீற்றர் அளவுக்குக் கிண்டிய பள்ளம். அந்தப் பள்ளத்துக்காக ஊர்களை எழுப்பி வேறு இடத்தில் வைத்தார்கள். மான்ஹைம் என்ற ஊரின் சனத்துக்கு "புது மான்ஹைம்" என்று வேறொரு இடத்தில் வீடு. கடைசியில் ஏ4 ஓட்டோபானையே தெற்குப் பக்கமாக நகர்த்தி 2014 இல் புதிதாகத் திறந்தார்கள். மகள் இதைச் சுற்றுச்சூழல் விசயமாகப் பார்க்கிறாள், சரிதான். எனக்கோ ஊர் எழும்பிப் போவதென்ற கதையைக் கேட்டால் வேறு ஞாபகம் வருகிறது. அவர்களுக்கு நட்டஈடு கிடைத்தது, சாமான் ஏற்ற லொறி வந்தது. எங்களுக்கு வந்தது வேறு. ஆனாலும் சொந்த வீட்டை இடிப்பதைப் பார்த்து நின்ற ஒரு கிழவிக்கு அந்த வித்தியாசம் ஆறுதல் தந்திருக்குமென்று நான் நினைக்கவில்லை.

மனைவியின் இடம் உங்களுக்குத் தெரியும். ஹம் காமாட்சி அம்மன். 2002 இல் கும்பாபிசேகம் நடந்த கோயில், ஓட்டோபானிலிருந்து இறங்கிக் கொஞ்ச நேரத்தில், தொழிற்சாலைகளுக்கு நடுவில் கோபுரம் தெரியும். முதற்தரம் பார்க்கும் வெள்ளைக்காரர் வழி மாறி வந்துவிட்டோமோ என்று நினைப்பார்கள். தேர் ஞாயிறன்று மட்டும் இந்தப் பயணத்தைப் போட்டுவிடாதீர்கள், அன்றைக்கு ஆயிரக்கணக்கில் சனம், காரை எங்கேயோ விட்டுவிட்டு நடக்கவேண்டும். சாதாரண ஞாயிறென்றாலும் பூசை நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு போவது நல்லது. கோயிலுக்குப் போவதால் அன்றைக்குச் சாப்பாடு மரக்கறி. புளிச்சாதம், உழுந்துவடை, பிளாஸ்க்கில் தேத்தண்ணி. ஓட்டோபான் கடைகளில் ஒரு பாண் துண்டுக்குக் கேட்கிற காசுக்கு வீட்டில் நாலு பேர் சாப்பிடலாம். மலசலகூடத்துக்கே 2022 கடைசியிலிருந்து ஒரு யூரோ. அதற்கு ஒரு துண்டு தருவார்கள், அந்தத் துண்டைக் கழிக்க மறுபடி எதையாவது வாங்கவேண்டும். என் காருக்குள் அந்தத் துண்டுகள் ஒரு கட்டு இருக்கின்றன.

மகனின் இடம் மின்டன். அங்கே கப்பல் ஓடும் கால்வாய் ஒன்று, வேசர் ஆற்றுக்கு மேலாகப் பாலம் போட்டுக் கடக்கிறது. கீழே ஆறு, மேலே தண்ணீர்ப் பாலம், அதில் கப்பல். முதற்பாலம் முதலாம் உலகப்போர்க் காலத்தில் கட்டியது, பக்கத்திலேயே 1998 இல் புதியது. படத்தில் பார்த்தேன், கண் நம்பவில்லை. யூனில் இரவு ஒன்பதரை தாண்டியும் வெளிச்சம் இருக்கும், அதனால் ஆறு, ஏழு மணிக்குப் போய்ச் சேர்ந்தாலும் ஆறுதலாக நின்று பார்க்கலாம்.

ஞாயிறை எடுத்ததற்கும் காரணம் உண்டு. இந்த நாட்டில் ஞாயிறும் விடுமுறை நாட்களும் இரவு பத்து மணிவரை பெரிய லொறிகள் ஓட்டோபானில் ஓடக்கூடாது. ஏ1, ஏ2 இரண்டிலும் கிழமை நாளில் போய்ப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். வாகன நெரிசலில் ஜேர்மனியில் முதலிடம் எங்கள் மாநிலத்துக்குத்தான். பாலங்கள் வேறு கிழடாகிவிட்டன. லூடன்சைட் பக்கம் ஏ45 இல் இருந்த றாமெட பாலத்தை 2021 டிசெம்பரில் ஒரே இரவில் மூடினார்கள், 2023 மே மாதம் வெடிவைத்து விழுத்தினார்கள். வருடக்கணக்கில் லொறியெல்லாம் அந்தச் சின்ன ஊருக்குள்ளால் ஓடியது. ஆகவே தொலைபேசி மூன்றரை மணித்தியாலம் என்று சொன்னால் நீங்கள் ஐந்து என்று எழுதிக்கொள்ளுங்கள். மிஞ்சினால் ஐஸ்கிரீம் குடிக்கலாம்.

இனி என்னுடைய இடம்.

"அப்பா, நீங்கள் இன்னும் சொல்லேல்லை" என்று மகள் கேட்டபோது நான் வரைபடத்தின் கிழக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நகரத்தையும், அதற்குப் பக்கத்தில் இன்னொரு சின்ன நகரத்தையும் விரலால் காட்டினேன். இரண்டையும் இணைக்கும் ஒரு ரோட்டு. பத்தொன்பது கிலோமீற்றர்.

"அதில என்ன இருக்கு?"

"ஒண்டுமில்லை. வயல் இருக்கும்."

இரண்டு ஊரின் பெயரையும் இங்கே எழுதப்போவதில்லை. அங்கே இப்போது இருக்கும் சனம் எனக்கு ஒன்றும் செய்யவில்லை.

1985 இல் நான் வந்தேன். அந்தக் காலத்தில் வந்த கனபேரைப் போல கிழக்கு பேர்லினில் இறங்கி, மேற்கு பேர்லினுக்குள் ரயிலில் வந்து, பிறகு பங்குபோட்டு அனுப்பியதில் அந்தச் சின்ன நகரத்து முகாமுக்குப் போய்ச் சேர்ந்தேன். என்னோடு ஒன்றாய் வந்தவன், பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தவன், பக்கத்து மாவட்டத்து முகாமுக்குப் போனான். இடையில் இந்தப் பத்தொன்பது கிலோமீற்றர். யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குச் சைக்கிள் மிதித்த எங்களுக்கு இது ஒரு தூரமா?

தூரம்தான். 1982 இல் வந்த அகதிச் சட்டத்தின்படி, வழக்கு முடியும்வரை அகதி தன்னுடைய வெளிநாட்டவர் அலுவலகத்தின் எல்லையை விட்டு வெளியே போகக்கூடாது. போவதென்றால் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி எடுக்கவேண்டும். நாங்கள் அதற்கு "ஊர்லவுப் சைன்" என்போம், அதாவது விடுமுறைத் துண்டு. என்ன விடுமுறையோ! முதற்தரம் பிடிபட்டால் தண்டப்பணம். திரும்பவும் பிடிபட்டால் அது குற்ற வழக்கு, ஒரு வருடம்வரை சிறை என்று சட்டம் சொன்னது. பொலிசுக்கு எங்களைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. அந்த ஊர் பஸ்சில் கறுத்தத் தலை நாங்கள் மட்டும்தான்.

1986 இல் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், அவனுடைய தகப்பன் ஊரில் செத்துப்போனார் என்று செய்தி வந்தது. அலுவலகம் பூட்டியாயிற்று. நான் துண்டில்லாமல் பஸ் ஏறினேன். பாதி வழியில் இறக்கினார்கள். அவனுடைய முகாமை நான் காணவில்லை. எண்பது மார்க் தண்டம், கிடைக்கிற கைக்காசிலிருந்து மாதாமாதம் கட்டினேன்.

அடுத்த வருடம் அவனுக்கு ஒப்பரேசன். இந்தமுறை ஒழுங்காகப் போய் அனுமதி கேட்டேன். மேசைக்கு அந்தப்பக்கம் இருந்தவர் "அவர் உங்களுக்கு உறவா?" என்று கேட்டார். சிநேகிதன் என்றேன். உறவுக்குத்தான் தருவோம் என்றார். நான் தமையன் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை, டொச்சும் போதாது. துண்டில்லாமல் போகப் பயம். இரண்டாம் தரம் பிடிபட்டால் வழக்குப் பழுதாகிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் போகவில்லை.

1988 இல் அவன் கனடாவுக்குப் போய்விட்டான். பிறகு தொலைபேசியில் கதைத்திருக்கிறோம், ஒருதரம் ரொறன்ரோவில் கண்டும் இருக்கிறேன். "ஒப்பரேசனுக்கு நீ வரேல்லை மச்சான்" என்று அவன் ஒருநாளும் சொன்னதில்லை. 2019 இல் அவன் இறந்தபோது, எட்டு மணித்தியாலம் விமானத்தில் போய் அந்தச் செத்தவீட்டில் நின்றேன். ஆனால் மூன்று வருடம் அவன் படுத்தெழும்பிய அந்த முகாம் இருந்த இடத்தை இன்றுவரை நான் பார்க்கவில்லை. 1993 இல் எனக்கு நிரந்தர விசா கிடைத்தது. அதற்குப் பிறகு யாரும் என்னை மறிக்கவில்லை. நானேதான் போகவில்லை. அந்த ரோட்டை நினைத்தாலே அந்த பஸ்சிலிருந்து இறங்கியது ஞாபகம் வரும்.

இதை மேசையில் சொல்லி முடித்தபோது மகன் தொலைபேசியில் எதையோ எண்ணிக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான், "அப்பா, ஆஹனில இருந்து மின்டன் வரைக்கும் பதினைஞ்சு மாவட்டத்துக்கு மேல வருது." அதாவது 1986 இல் இந்தப் பயணத்துக்கு எத்தனை எல்லை தாண்டவேண்டியிருந்திருக்கும் என்று கணக்குப் பார்த்திருக்கிறான். மனைவி ஒன்றும் பேசவில்லை. எழும்பிப்போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தா.

இதையெல்லாம் ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், போன மாசி மாதம் ஒரு கலியாண மண்டபத்தில் நடந்ததற்காக. எனக்கு முன்னால் இருந்து சாப்பிட்ட ஒருவர், என் வயதுதான், 85 இல் வந்தவர்தான், சிரியாக்காரரையும் ஆப்கானியரையும் பற்றிக் கதைத்தார். "இவங்களை நாடு முழுக்கத் திரிய விட்டிட்டாங்கள். ஒரு இடத்தில அடைச்சு வைக்கவேணும். அப்பதான் ஒழுங்கா இருப்பாங்கள்." பக்கத்தில் இருந்த நாலைந்து பேர் தலையாட்டினார்கள். நான் வடையைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். வெட்கமாக இருக்கிறது, அதனால் இங்கே பதில் சொல்கிறேன்.

ஐயா, உங்களையும் அடைத்து வைத்தவர்கள்தான். நீங்கள் ஒழுங்காக இருந்தீர்களா? எத்தனை தரம் துண்டில்லாமல் ரயில் ஏறினீர்கள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் எல்லோரும் ஏறினோம். சமைக்க மிளகாய்த்தூள் வாங்க, ஒரு தமிழ்ப்படக் கொப்பி வாங்க, ஒரு சாவுக்கு அழ. அந்தச் சட்டம் ஒரு குற்றத்தையும் குறைக்கவில்லை. பஸ்சில் பக்கத்து ஊருக்குப் போவதையே ஒரு குற்றமாக்கியது, அவ்வளவுதான். நாங்கள் டொச் படிக்கப் பிந்தியதும், வேலை தேடப் பிந்தியதும் அதனால்தான். பக்கத்து மாவட்டத்தில் வேலை இருந்தால் அங்கே போய்க் கேட்கவே துண்டு வேண்டும்.

எங்கள் மாநிலம் 2010 கடைசியில்தான் இதைத் தளர்த்தி, மாநிலம் முழுக்கப் போகலாம் என்றது. நாடு முழுவதற்கும் 2015 தொடக்கத்திலிருந்து, பொதுவாக மூன்று மாதத்தோடு அந்தத் தடை முடிகிறது. முதல் வரவேற்பு முகாமில் தங்கவேண்டியவர்களுக்கு அதற்குப் பிறகும் எல்லை உண்டு. ஆகவே கதை முழுதாக முடியவில்லை. எல்லைகளை இறுக்கவேண்டும் என்று அரசியல்வாதிகள் கதைக்கும்போது கைதட்டும் எங்கட ஆக்களுக்குச் சொல்கிறேன். நாட்டுக்குள் யார் வரலாம் என்பதைப் பற்றி ஆளுக்கொரு கருத்து இருக்கலாம், எனக்கும் இருக்கிறது. வந்தவனைப் பக்கத்து ஊருக்குப் போகவிடாமல் மறிப்பது வேறு விசயம். அதை அனுபவித்த நாங்களே நல்லதென்று சொன்னால், எங்களுடைய பிள்ளைகளுக்கு என்ன கதை சொல்லப் போகிறோம்?

சரி, திட்டத்துக்கு வருகிறேன். காலை ஏழு மணிக்கு ஆஹன். ஒன்பதுக்கு நிலக்கரிக் கிடங்கு. பூசைக்கு ஹம். அதுவரை மகன் ஓட்டுவான். ஹம்மில் கோயிலால் வந்து சாப்பிட்டபிறகு நான் ஓட்டுவேன். பின்னேரம் மூன்று மணிபோல் ஓட்டோபானை விட்டு இறங்கி அந்தச் சின்ன நகரம். எங்கள் முகாம் இருந்த கட்டடம் இப்போது இல்லை என்று தெரியும், படத்தில் தேடிப் பார்த்துவிட்டேன், அந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. அந்த பஸ் தரிப்பிலிருந்து பத்தொன்பது கிலோமீற்றரையும் ஓட்டோபான் பக்கம் போகாமல் பழைய ரோட்டிலேயே ஓடவேண்டும். அங்கே எவ்வளவு நேரம் என்று மகள் அட்டவணையில் எழுதக் கேட்டாள். எழுதாமல் விடு என்றேன். அதனால் மின்டனில் கப்பல் பார்க்கப் பிந்தலாம், மகன் சம்மதித்துவிட்டான்.

நண்பனின் மனைவிக்கு ரொறன்ரோவுக்கு போன் எடுத்து அந்த முகாமின் தெருப்பெயர் தெரியுமா என்று கேட்டேன். அவன் அந்தக் காலத்தில் வீட்டுக்குப் போட்ட ஒரு கடிதத்தின் உறையை எடுத்து வைத்திருக்கிறா. பின்பக்கத்தில் அனுப்பியவர் முகவரி, அவனுடைய கையெழுத்தில். படம் எடுத்து அனுப்பியிருக்கிறா.

மனைவி மட்டும் இன்னும் ஒரு கேள்வியோடு நிற்கிறா. வூப்பெற்றாலைத் தாண்டும்போது அண்ணாவின் வீட்டு ஜன்னல் ஓட்டோபானுக்குத் தெரியுமாம். கண்டுவிட்டால் என்ன சொல்வது என்று கேட்கிறா. அதற்கு என்னிடம் பதில் இல்லை. உங்களில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.